மூன்று தடவை கேட்க வேண்டும்

எங்கள் வடக்கு டகோட்டாப் பக்கம் ஒருவர் வீட்டுக்குப் போனால், காப்பி வேண்டுமா என்று மூன்று தடவை கேட்பார்கள். முதல் தடவை "வேண்டாம்". இரண்டாவது தடவை "உங்களுக்கெதுக்குச் சிரமம்". மூன்றாவது தடவைதான் "சரி, அரைக் கப்". எடுத்த எடுப்பிலேயே சரி என்பவனைப் பறக்காவெட்டி என்போம். என் வீட்டுக்காரர் பால்மர் இந்த மரியாதையை எமனிடமும் காட்டுகிற ஆள்.

அன்று காலை, கோதுமை அறுப்புக்கு நடுவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல லேசா ஒரு இறுக்கம். வெங்காயம் ஒத்துக்கல போல."

"வெங்காயமாவது வெள்ளைப்பூண்டாவது! கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"அறுப்பு முடியட்டும், ஆர்டிஸ். நெசமாவே நோயாளிங்க அங்க காத்துக்கிட்டிருப்பாங்க. அவங்க நேரத்த நான் ஏன் திங்கணும்?"

நான் வாதாடவில்லை. காரில் ஏறி ஹாரனை அழுத்தினேன், விடவே இல்லை. அடுத்த பண்ணைக்காரன் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அந்த வெட்கம் தாங்காமல்தான் மனுஷன் வந்து ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெரிடித் இருந்தாள். போன மாதம்தான் புளோரிடாவிலிருந்து வந்த சின்னப் பெண். இவர் அவளிடமும் அதே வெங்காயக் கதையைச் சொன்னார்.

"எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கலாமா, ஐயா?"

"வேண்டாம்மா. இப்பத் தேவலை."

"உங்க இஷ்டம். வலி கூடினா உடனே வாங்க" என்று எழுந்துவிட்டாள் அந்தப் புண்ணியவதி!

நான் ஓடிப் போய்க் கதவை மறித்து நின்றுகொண்டேன்.

"டாக்டரம்மா, எங்க ஊர்ல முதல் வேண்டாம் வெறும் மரியாதைக்கு. இன்னும் ரெண்டு தரம் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"எடுத்துடலாமே, ஐயா?"

"உங்களுக்கெதுக்கும்மா வீண் சிரமம்."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல. எடுத்துடலாமா?"

பால்மர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "மெஷின் சும்மாதான் கிடக்குதுன்னா... சரி, சின்னதா எடுங்க."

"சின்னதாமே! அரைக் கப் ஈ.சி.ஜி.!" என்றேன் நான். நர்ஸ் எங்கள் ஊர்க்காரி. சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

காகிதம் வெளியே வந்ததும் டாக்டரின் முகம் மாறியது. மாரடைப்பு, இந்த நிமிடமும் நடந்துகொண்டிருக்கிறது என்றாள். உடனே பார்கோவுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறக்க வேண்டும். ஆனால் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கேட்பதற்குத் தயாராக, கட்டிலோரம் குனிந்து ஆரம்பித்தாள்.

"ஐயா, ஹெலிகாப்டரை வரச் சொல்லட்டுமா?"

"சரிம்மா" என்றார் பால்மர்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, ஐயா வழிக்கு வந்துட்டார்!" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினாள்.

எனக்கோ அந்தச் 'சரி'யைக் கேட்டதும் பகீரென்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஒரு துண்டு கேக்குக்குக்கூட முதல் தடவையே சரி சொன்னதில்லை. எவ்வளவு வலியை மென்று விழுங்கிக்கொண்டு கிடக்கிறாரோ, பாவி! அவர் கையைப் பிடித்தேன். வேர்த்துச் சில்லென்று இருந்தது.

"வேண்டாம்னு சொல்லுங்க, பால்மர்" என்று அழுதேன். "ஒரே ஒரு தரம் வேண்டாம்னு சொல்லுங்க."