மௌனம் விழக் கூடாது

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் வீட்டையே குளமாக்கிவிட்டது என்று கொதித்துப்போய் அழைப்பவர்களுக்குப் பல வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள். காதில் ஹெட்போன், முகத்தில் சிரிப்பு. முகம் தெரியாவிட்டாலும் சிரித்தால்தான் குரலில் சிரிப்பு ஏறும் என்பது அங்கே பால பாடம். இன்னொரு பாடம், அழைப்பில் மௌனம் விழக் கூடாது. சில நொடி சத்தமில்லாமல் போனாலே மேற்பார்வையாளரின் தலை தடுப்புக்கு மேல் எட்டிப் பார்க்கும்.

"தேனு, டெட் ஏர்! என்ன, தூக்கமா?"

குரலுக்காக அங்கே வைத்த பேர் தேனு.

வேலை முடிந்ததும் அந்தக் குரல் ஹெட்போனோடு மேசையிலேயே தங்கிவிடும். அறைக்கு வந்தால் பேச ஆளில்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரைப் பார்த்த ஜன்னல். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்த நாற்காலியிலேயே ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் உட்கார்ந்திருப்பாள். பசிக்காது. அழுகையும் வராது; வந்தாலாவது தேவலை என்றிருக்கும். காலையில் கண் திறக்கும்போது, ஏன் விழித்தோம் என்று ஒரு நினைப்பு வரும். முதலில் எப்போதாவது வந்தது. பிறகு அலாரத்துக்கு முன்னால் அதுவே வந்து எழுப்பத் தொடங்கியது.

அப்போதுதான் பயந்தாள். யாரிடமாவது இதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஆபீஸ் ஏற்பாடு செய்திருந்த ஆலோசகருக்குப் போன் செய்தாள். "சொல்லுங்க" என்று அந்தப் பக்கம் கேட்டதுதான் தாமதம், தேனு முந்திக்கொண்டாள். "பெருசா ஒண்ணும் இல்லைங்க, கொஞ்சம் தூக்கம்தான் சரியில்ல." அவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நடுவே அவர் ஏதோ யோசித்து நிறுத்தியபோது இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வேற ஏதாவது உதவி தேவைப்படுதா சார்?"

கேட்டது இவள். அவர் சிரித்துவிட்டார். இவளும் சிரித்தாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனில்தான் கோளாறு என்று அடுத்து ஒரு டாக்டரை நேரில் போய்ப் பார்த்தாள். எப்போது ஆரம்பித்தது, வாரத்தில் எத்தனை நாள், என்னென்ன செய்து பார்த்தாகிவிட்டது என்று புகார் பதிவு செய்கிற வரிசையில் கோவையாகச் சொன்னாள்.

"எல்லாரும் உங்கள மாதிரி தெளிவா சொன்னா எனக்கு வேலை பாதியாக் கொறஞ்சிடும்மா" என்றார் அவர். சத்து மாத்திரை எழுதினார், நாலு நாள் எங்காவது போய்வரச் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை நினைப்பை மட்டும் இவள் சொல்லவேயில்லை.

அந்த வாரமும் அண்ணி போன் செய்தாள். "ஏய் ஊமைக்கோட்டான், ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுற. எங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்திடும்?"

"நல்லா இருக்கேன் அண்ணி."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. உங்கண்ணனும் இதேதான். ஒரே மாவுல சுட்டது."

மூன்றாவதாக ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் கேட்டபோது, இதுவும் சரிப்படாவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எதை விடுவது என்று தன்னையே கேட்டுக்கொள்ளத் துணியவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. ஆலோசகர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்கு சிவந்திருந்தது. "ஜலதோஷம், தள்ளியே உட்காருங்க" என்றார்.

தேனு கோவையாகச் சொல்லி முடித்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது.

"அவ்ளோதான் மேடம்."

தலையாட்டினார். மறுபடி மௌனம்.

"நாள் பூரா இதையே கேட்டுட்டு இருக்கறது கஷ்டமான வேலைதான் இல்ல?" கேட்டது தேனுதான்.

"ம்."

"பொறுமையா கேட்டதுக்கு ரொம்ப நன்றிங்க." கைப்பையை எடுத்துவிட்டாள்.

"இன்னும் நேரம் இருக்கும்மா. பேசித்தான் ஆகணும்னு இல்ல. சும்மாவும் இருக்கலாம்."

"சும்மாவா?"

"ஆமா. நானும் இருக்கேன்."

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தத் தலையும் எட்டிப் பார்க்கவில்லை. ஆலோசகர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இவளையும் உற்றுப் பார்க்கவில்லை. பிடித்து வைத்திருந்த சிரிப்பில் கன்னம் வலித்தது. அது கழன்று விழுந்தபோது தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. அவளே கேட்டு நாளான குரல்.

"காலைல முழிக்கவே கூடாதுன்னு இருக்கு."

அவர் பதறவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"தோணுது."

"ஏதாவது செஞ்சுக்கணும்னு யோசிச்சிருக்கீங்களா?"

"இல்ல. அப்படியே தூக்கத்துலயே போயிட்டா போதும்னு..." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவர் அழவிட்டார்.

பிறகு சொன்னார். "இதுக்கு நான் மட்டும் போதாதும்மா. மருந்து கொடுக்கிற மனநல டாக்டரையும் பாக்கணும். எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, நாளைக்கே பாக்க முடியுமான்னு நானே பேசுறேன். ஆனா அவங்ககிட்டயும் நீங்க இந்தக் குரல்லதான் பேசணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு ராத்திரி நீங்க தனியா இருக்க வேணாம். யாரைக் கூப்பிடலாம்?"

யார் இருக்கிறார்கள்? வெகுநேரம் யோசித்து, கடைசியில் போனை எடுத்தாள்.

"என்னடி அதிசயம், நீயா கூப்பிடுற? இன்னிக்கு மழை கொட்டப் போகுது" என்றாள் அண்ணி.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடுகிற சத்தம்.

"ஏய்... என்னடி ஆச்சு?"

"அண்ணி, நான் நல்லா இல்ல."



"எங்க இருக்க?"

சொன்னாள்.

"அங்கேயே உட்காரு. இதோ கிளம்பிட்டேன்."

உங்களுக்கு எதற்குச் சிரமம் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். அண்ணி இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வெளியறையில், மாடிப்படி தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.