துரை பங்களாவின் வெள்ளைக் காளான்

பங்களாவின் படியில் கால் வைக்குமுன் நாகலெட்சுமி செருப்பைக் கழற்றினாள். அது கோயிலில்லை, கூரைகூட இல்லை. வெள்ளைக்கார துரை தன் ஊர் ஓக் மரத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து கட்டியது என்று அந்தத் தோட்டத்தில் சொல்வார்கள். தகரமும் சுவரும் போய்விட்டன. தூண்களும் உத்தரங்களும் மட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, தேயிலை மலைக்கு மேலே பெருங்காட்டுக்குள் எலும்புக்கூடாய் நின்றன. சுற்றிலும் பாசி போர்த்திய கிழட்டு மரங்கள். பட்டப்பகலிலும் அங்கே யாரோ மூச்சுவிடுவது போலிருக்கும்.

ஒரு வருடமாக அவள் வந்துகொண்டிருந்தாள். தையில் உத்தரங்களின் மேல் உறைபனி உப்பாய்ப் படிந்திருந்தது. பங்குனி வெயிலில் மரம் வெடித்துச் சத்தமிட்டது. ஆடிக்காற்று பொருத்துகளில் புகுந்து இருமியது. தொழிலாளர் லயத்தில் அவளுக்கு அடுத்த காம்பரா வீட்டிலிருந்த அழகனின் இருமல் அப்படியே. ஒவ்வொரு தடவையும், "நான் தெரிஞ்சு செய்யலப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

போன ஐப்பசியில் முதல் மழைக்குக் காளான் பறிக்கப் போனாள். முதல் காளானைத் தனக்கு மட்டும் ஆக்கித் தின்னக்கூடாது. பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுக்க வேண்டும், அதுவும் உடையாததாய், பெரியதாய். லயத்தில் அப்படித்தான் வழக்கம். தேயிலைக்குள் புற்றுக்காளான் கொஞ்சம் கிடைத்தது. பங்களாவில் விழுந்து கிடந்த உத்தரத்தினடியில் நான்கு, கழுவிய பீங்கான்போல வெள்ளையாய் நின்றன. ஒன்றின் ஓரத்தை நத்தை தின்றிருந்தது. பூச்சி தின்றதில் விஷமிருக்காது என்று தோட்டமே நம்பியது, அவளும் நம்பினாள். சின்னதையெல்லாம் தான் வைத்துக்கொண்டு, அந்த நான்கையும் அழகனின் மனைவி சுலக்ஷனாவிடம் கொடுத்தாள். சுலக்ஷனாவுக்குக் கந்தசஷ்டி விரதம். அழகன் மட்டும் சாப்பிட்டான். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

யாரும் அவளைத் திட்டவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாக்கண்ணு மட்டும் ஒருநாள், "நாகு கையால திருநீறு வாங்கினாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் பூசணும்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். சுலக்ஷனா சிரிக்கவில்லை, பேசவுமில்லை. பெரியவற்றைக் கடவுள் பார்த்துக்கொள்வார், மனிதருக்கு விட்டது ஒரு கைப்பிடி கொடுப்பதுதான் என்று வாழ்ந்தவள் நாகலெட்சுமி. தைப்பொங்கலன்று அவள் கொண்டுபோய் வைத்த தட்டு சுலக்ஷனாவின் வாசலில் சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. தான் கொடுப்பதை அந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை வாங்கிக்கொண்டால் போதும் என்று முருகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது மறுபடி ஐப்பசி. யார் கண்ணிலும் படுமுன் அந்த இடத்தைக் கிளறி அழித்துவிட வேண்டுமென்று வந்திருந்தாள்.

உத்தரத்தினடியில் ஓர் உருவம் குந்தியிருந்தது. மூடுபனிக்குள் முதலில் தெரிந்தது அழகனின் நீலக் கம்பளிச்சட்டைதான். நாகலெட்சுமி ஓரடி பின்வாங்கினாள். உருவம் திரும்பியது. சுலக்ஷனா. கையில் குச்சி, அருகே வேரோடு தோண்டிய வெள்ளைக் காளான்கள்.

"வேற யாருக்கும் கெடைக்கக் கூடாதுக்கா" என்றாள். குச்சியால் மண்ணைக் கிளறியபடி, "ஆடியிலயும் வந்தேன். நீங்க அவருகிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க. கேட்டுட்டு அப்படியே எறங்கிட்டேன்" என்றாள்.

நாகலெட்சுமி பக்கத்தில் மண்டியிட்டாள். இருவரும் தோண்டினார்கள். உளுத்த மரத்துக்குள் விரல் போன இடமெல்லாம் காளான் வேராய் வெள்ளை நூல் ஓடியிருந்தது; அதற்கு முடிவிருப்பதாகத் தெரியவில்லை. பறித்ததைக் குழியிலிட்டுக் கல் வைத்து மூடினார்கள்.

"வெரதம் இல்லாட்டி நானும் தின்னுருப்பேன்" என்றாள் சுலக்ஷனா, கல்லைப் பார்த்தபடி. "அதுவரைக்கும் நீங்க குடுத்து நான் என்னைக்கு வேணாம்னு சொன்னேன்."

நாகலெட்சுமி அழுதாள். சுலக்ஷனா அவளைத் தொடவில்லை, எழுந்தும் போகவில்லை.

இருவர் கைகளும் கருமண்ணாய் இருந்தன. நாகலெட்சுமி தன் கையைப் புல்லில் துடைத்துவிட்டு, பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துச் சாய்த்தாள். சுலக்ஷனா மண் வைத்துத் தேய்த்துக் கழுவினாள், இரண்டு தடவை, மூன்று தடவை, நகக்கண்வரை. போதும் என்பாள் என்று நாகலெட்சுமி காத்திருந்தாள்.

அவள் சொல்லவில்லை. கழுவிய கைகளை மறுபடி குவித்து, குனிந்து, குடிக்க வாயருகே கொண்டுபோனாள்.

நாகலெட்சுமி போத்தலை மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் ஒல்லியாக இறங்கி, பாதி உள்ளங்கையிலும் பாதி கம்பளிச்சட்டைக் கையிலும் விழுந்தது.