தண்ணீர் விடாத வரிசை

"தலையக் கொஞ்சம் தூக்கிப் புடி சாமி" என்றாள் பொன்னாயி பெரியம்மா.

யுவஸ்ரீ இறந்துபோன அப்பாவின் தலையை ஏந்திக்கொண்டாள். பெரியம்மா எண்ணெய் தொட்டு வைத்து, அரப்பு இலைத் தூளைக் குழைத்துத் தேய்த்தாள். பச்சைச் சாறு யுவஸ்ரீயின் மணிக்கட்டில் வழிந்தது.

"எங்கீங்க பெரீம்மா உழுந்தாரு?"

"உன்ற செடிகிட்டத்தான்."

"எத்தன மணிக்கு?"

"ரெண்டு இருக்கும்."

யுவஸ்ரீ தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் தோட்டக்காட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு இரண்டு வரிசை. ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, மற்றதற்கு இல்லை. வறட்சியில் இலை எந்த நாளில் எவ்வளவு தொங்கும் என்று கணினியில் கணிப்பதுதான் யுவஸ்ரீயின் ஆராய்ச்சி. தினமும் இரண்டு மணிக்கு அப்பா பள்ளிக்கூடக் கோணமானியைத் தண்டோடு ஒட்டி வைத்துத் தண்ணீரில்லாத வரிசையின் இலைக் கோணத்தைப் பார்த்து, கோயம்புத்தூரில் படிக்கும் அவளுக்குப் போனில் சொல்வார்.

"தொண்ணூறு சாமி. கும்முனு நிக்குது."

ஒன்பதாம் நாள் தொங்க வேண்டிய இலை இருபதாம் நாளும் நின்றது. மூன்று முறை கணக்கைத் திருத்தினாள். நேற்றுக் காலை பொறுமை போய்விட்டது.

"காலைலயே பாத்துட்டு ரெண்டு மணிக்குச் சொல்றீங்களாட்ட இருக்குது. இன்னைக்காச்சும் நல்ல வெயில்ல போயிப் பாருங்கப்பா."

"செரி சாமி."

அவ்வளவுதான் பேசினார்.

"நாந்தான் பெரீம்மா வெயில்ல போகச் சொன்னேன்" என்றாள் இப்போது.

"அளக்கறதுக்கு மட்டுமா போனாரு? கொடத்தையுமில்ல தூக்கீட்டுப் போனாரு. தெனமும் காலைல அந்த வரிசைக்குக் கொடங்கொடமா ஊத்துவாரு. செடி வாடிப்போச்சுன்னா புள்ளயோட படிப்பு போயிருமாமா. நேத்து வெயில்ல பாக்கச் சொல்லீட்டாளேன்னு மறுக்காவும்…"

"பொன்னாயி" என்றாள் தலைமாட்டில் இருந்த பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாள். "அவளுக்குத் தெரிய வேண்டாம்னுதான அந்த மனுசன் சொல்லீட்டிருந்தாரு."

பெரியம்மா தண்ணீர் ஊற்றினாள். அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த அரப்பை யுவஸ்ரீ விரலால் துடைத்தாள்.

மூன்றாம் நாள் சாம்பலுக்குப் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். அப்பா கடைசியாகத் தண்ணீர் ஊற்றி ஒன்பதாம் நாள், இரண்டு மணிக்கு அவள் போன் அதிர்ந்தது. திரையில், அவளே என்றோ போட்டு வைத்த நினைவூட்டல்: 'அப்பா, இலை.'

காளியாத்தாள் உள்ளே போய்க் கோணமானியைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

"சட்டப் பைல இருந்துச்சு."

காட்டில் தண்ணீர் விடாத வரிசையின் இலைகள் தண்டோடு ஒட்டித் தொங்கின. கணினி சொன்ன மாதிரியே. முதலில் போட்ட கணக்கேதான் சரி.

கடைசிச் செடியருகே பிளாஸ்டிக் குடம் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் கொட்டிய இடத்தில் மண் வட்டமாக நிறம் மாறி, ஓரத்தில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஒரு செடி மட்டும் கைகளை விரித்து நின்றது.

அவள் மண்டியிட்டுக் கோணமானியைத் தண்டோடு ஒட்டி வைத்தாள்.

"தொண்ணூறு" என்றாள்.

வீட்டுப் பக்கமிருந்து அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவள் கோணமானியை எடுக்கவில்லை.