குட்டியை அவிழ்த்தவர்கள்

எழுபத்தோரு நாடு பார்த்தவர்களாம். வழிகாட்டி வைத்துக்கொள்ள மாட்டார்களாம், முன்கூட்டி எதையும் ஏற்பாடு செய்ய மாட்டார்களாம், யாரும் போகாத இடமாகத் தேடித்தேடிப் போவார்களாம். டேரனும் அவன் மனைவி ஹெதரும் முதுகில் ஆளுக்கொரு மூட்டையோடு கணவாய் இறங்கி எங்கள் கூடாரத்து வாசலில் நின்றபோது முதலில் சொன்னது இதைத்தான். வணக்கம் அப்புறம்தான் வந்தது.

யாரும் போகாத இடமாம். இந்தச் சோன்குல் ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்தில் நான் முப்பத்திரண்டு கோடையாக அடுப்பெரிக்கச் சாணி பொறுக்குகிறேன். கூப்பிடு தூரத்தில் இன்னும் ஆறு கூடாரம் இருக்கிறது. நாங்களெல்லாம் ஆள் கணக்கில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

கனடாக்காரர்கள். டேரனுக்கு ரஷ்ய மொழி அரைகுறையாக வரும். ஹெதருக்கு அதுவும் வராது, சிரிப்பு மட்டும் வரும்.

"அக்கா, நாங்க சுற்றுலாக்காரங்க இல்ல. பயணிங்க" என்றான் டேரன்.

"இருக்கட்டும். பயணிங்களுக்கும் பசிக்குந்தானே? உள்ள வாங்க" என்றேன்.

வந்தவரை எத்தனை நாள் என்று கேட்கக் கூடாது, முகம் கோணக் கூடாது, குறை சொல்லவே கூடாது. என் புருஷன் முகம்பெத்துக்கு உயிரே போனாலும் இந்த வழக்கம் போகக் கூடாது. உயிர் போகிற பேச்சை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் சுரங்கத்தில் தூசி தின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர் அவர். கோடையில் நாற்பது நாள் குமிஸ் குடித்தால்தான், அதாவது பெண்குதிரையின் பாலைத் தோல்பையில் ஊற்றிப் புளிக்க வைத்ததைக் குடித்தால்தான், பனிக்காலத்தைத் தாண்டுவார். போன கோடையில் குடித்தார், குளிரில் விறகு பிளந்தார். அதற்கு முந்தின வருடம் குடிக்கக் கிடைக்கவில்லை. மூன்று மாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் எங்களிடம் குட்டி போட்டது சிவப்புக் குதிரை ஒன்றுதான். கறக்கத் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பகலில் குட்டியைக் கூடாரத்துப் பக்கம் கயிற்றில் கட்டிவிடுவோம். குட்டி கட்டிக் கிடந்தால் தாய் தூரம் போகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டியை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் விலக்கிக் கறப்போம். குட்டியின் வாய் படாமல் குதிரை பாலை இறக்காது. சாயங்காலம் அவிழ்த்தால் விடியும்வரை பால் முழுக்கக் குட்டிக்குத்தான்.

மூன்றாம் நாள் ஹெதர் குட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டேரனிடம் ஏதோ சொன்னாள்.

"ஏன் கட்டி வச்சிருக்கீங்கன்னு கேக்குறா. அதோட பாலத்தானே எடுக்கிறீங்கன்னு கேக்குறா."

"ராத்திரி அதுக்கு, பகல்ல எங்களுக்கு. தம்பி, அவருக்கு நெஞ்சு சரியில்ல, அதுக்குத்தான் இந்தப் பாலுன்னு சொல்லு."

அவன் என்னத்தைச் சொன்னானோ. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பிள்ளை பிடிக்கிறவளாகத் தெரிந்திருப்பேன்.

மறுநாள் முற்பகலில் நான் சாணி பொறுக்கப் போனேன். அவர் கண்ணயர்ந்துவிட்டார். திரும்பி வந்தால் கயிறு வெறுமனே கிடக்கிறது. இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து, மேட்டில் ஏறிப்போகிற தாயையும் குட்டியையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெதரின் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்.

"எழுபத்தோரு நாட்டுல இதுதான் நாங்க செஞ்ச நல்ல காரியம், அக்கா" என்றான் டேரன்.

எழுபத்தோரு நாடும் அந்த வகையில் தப்பித்துக்கொண்டன.

முகம்பெத் எழுந்து இன்னொரு குதிரைக்குச் சேணம் போட்டார். இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டே குதிரையேறிக் கணவாய்ப் பக்கம் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது சேணத்தில் குட்டி குறுக்கே தொங்கியது. தாய் கனைத்துக்கொண்டே பின்னால் வந்தது.

"ஓநாய். பின்னங்காலைக் கிழிச்சுப் போட்டுடுச்சு. உயிர் இருந்துச்சு, நானே அறுத்துட்டேன்" என்றார்.

விருந்தாளிகள் ஏரிக்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கப் போயிருந்தார்கள். அவர்கள் ஊரில் அது மறைவதில்லை போலிருக்கிறது.

"வரட்டும். மூட்டையத் தூக்கி வெளிய எறியுறேன்" என்றேன்.

"விருந்தாளிங்க. நாளைக்கு அந்தக் கறியச் சமைச்சு அவங்களுக்குப் போடு. வாயத் தொறக்காத."

"மடி வத்திடுமே. நீங்க என்னத்தக் குடிப்பீங்க?"

"பையில இருக்கிறதக் குடிப்பேன்."

பையில் ஒரு கிண்ணம்தான் தேறும். விடிந்ததும் குட்டியின் தோலைத் தாயின் மூக்கருகே பிடித்துக்கொண்டு கறந்து பார்த்தேன். மோந்து பார்த்துவிட்டு உதைத்தது. ஒரு சொட்டு இறக்கவில்லை.

மத்தியானம் கறி வைத்தேன். ஹெதர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

"இவ்வளவு மெத்துன்னு கறி எங்கயும் சாப்பிட்டதில்லையாம். என்ன கறின்னு கேக்குறா" என்றான் டேரன்.

முகம்பெத் என்னை முறைத்தார். முறைக்கட்டும். எழுந்துபோய்க் குட்டியின் கழுத்துக் கயிற்றை எடுத்துவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள். முகம்பெத்தின் முகம் சிறுத்துப்போனது. அவமானம் அவருக்கு அவளால் இல்லை, என்னால். தோல்பையை எடுத்துவந்து, இருந்த குமிஸை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"அழாதம்மா. நீ நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்ச. இதக் குடி."

"அது உங்களுக்குங்க" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

இத்தனை நாளாகப் புளித்த வாடை என்று தொடாதவள், இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு டேரனின் காதில் ஏதோ முணுமுணுத்தாள்.

"மனசுக்கு ஆறுதலா இருக்காம். இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேக்குறா" என்றான்.

முகம்பெத் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். இரண்டு சொட்டு விழுந்தது.

"தீந்துபோச்சும்மா" என்றார் இருமலுக்கு நடுவே. "மன்னிச்சுக்க."