மெரூன் நுனி

இடது பிளேடின் அடியில், போல்ட் துளையை ஒட்டி மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். வெள்ளிக்கிழமை என் ரிமோட் ஹெலிகாப்டரைத் துடைக்கும்போது நகத்தில் தட்டுப்பட்டது. அந்தப் பிளேடு நூற்றிருபது கிராம்தான். ஆனால் நிமிடத்துக்கு ஆயிரத்தெண்ணூறு சுற்று சுற்றும்போது அதன் அடியில் விழும் இழுவை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ. விரிசல் கண்ட பிளேடை அறுத்துப் போட்டுவிட வேண்டும், யாரும் தவறி மாட்டிவிடக் கூடாது. அறுத்தேன்.

பிளேடுகளை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புது ஜோடி வாங்கி, ஒன்றை மட்டும் மாட்டினேன். மறுபக்கம் பழையதே இருந்தது. அதன் நுனியில் மெரூன் நெயில் பாலிஷ். ஜோடியைவிடக் கால் கிராம் குறைகிறது என்று என் மனைவி இரண்டு கோட் அடித்தது. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

புதியது ஒரு கிராம் குறைவாக இருந்தது. டேப் ஒட்டினேன், எடை பொருந்தியது. அடுத்து இரண்டையும் ஸ்கேல் விளிம்பில் படுக்கவைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

ஞாயிறு காலை, கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்க்கிறவர்.

"என்ன மாப்ள, ஒரு காலுக்குச் செருப்பு, ஒரு காலுக்கு ஷூவா?"

"எடை சரியா இருக்கு மச்சான்."

"நான் எடையைக் கேட்டேனா?"

ஹெலிகாப்டரைக் கிளப்பித் தலையுயரத்தில் நிறுத்தினேன். அவர் தள்ளிக் குந்தி, சுழலும் நுனிகளைப் பக்கவாட்டில் பார்த்தார்.

"மெரூன் ஒரு விரல் மேல ஓடுது."

சாய்வுக் கோணம் அதிகமுள்ள பிளேடு அதிகமாகத் தூக்கும், மேலே ஓடும். இறக்கி, மெரூன் பக்கத்துக் கம்பியை அரைச் சுற்று திருகிக் கோணத்தைக் குறைத்தேன். மறுபடி தூக்கியபோது இரண்டு நுனியும் ஒரே கோட்டில் ஓடின.

"ஒண்ணாயிடுச்சு," என்றேன்.

"மேல பாக்காத. வாலைப் பாரு."

வால் நடுங்கியது. சுற்றைக் கூட்டினேன். நடுக்கம் உடம்பு முழுக்கப் பரவியது. மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இறக்கு. இறக்குன்னு சொல்றேன்ல."

இறக்கினேன். அவர் பிளேடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக என் ஸ்கேல் மேல் வைத்தார். மெரூன் சாயாமல் நின்ற இடம் புதியதைவிட நுனிப் பக்கமாக ஆறு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.

"எடை எவ்வளவுன்னு இல்ல மாப்ள, எங்க உக்காந்திருக்குங்கிறதுதான் கணக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் மாட்டினியா?"

மெரூன் பிளேடை ஸ்கேலிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"பிச்சுக்கிட்டுப் போயி அந்தப் புள்ள மேல விழுந்தா?"

"இனி மாட்டல. வீட்டுல ஆணியில தொங்கவிட்டுக்கிறேன்."

"ரெண்டே வாரம். அப்புறம் எடுத்து மாட்டிடுவே. உன்னை எனக்குத் தெரியாது பாரு."

ரம்பத்தை நீட்டினார். தானே அறுக்கவில்லை.

பெட்டியின் மேல் வைத்து அறுத்தேன். துள்ளாமல் இருக்க அவர் நுனியைப் பிடித்துக்கொண்டார். கார்பன் ஃபைபர் தூள் கொட்டியது. நான்கு விரல் நீளத் துண்டு அவர் கையோடு வந்தது. தூளை ஊதினார்.

"இந்த பாலிஷ் பாட்டில் யாருதுன்னு நினைக்கிறே? என் பொண்டாட்டியோடது. என் தங்கச்சி லவட்டிட்டு வந்துட்டா. என் பொண்டாட்டி ஒரு மாசம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. ஏதோ நான் பூசிக்கிட்ட மாதிரி."

சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பழைய டேப்பை உரித்துவிட்டுப் புது ஜோடியை ஸ்கேலில் வைத்தேன். இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. மாட்டி, கம்பியைப் பழையபடி திருகினேன். எது மேலே ஓடுகிறது என்று தெரிய ஒரு நுனிக்கு நிறம் வேண்டும்.

"என்ன கலர்?"

"மஞ்சள் டேப்தான் இருக்கு."

"ஒட்டு."

தூக்கினேன். ஒரே கோடு. வால் அசையவில்லை. மச்சான் இந்த முறை கொஞ்சம் நெருங்கியே குந்தியிருந்தார். சுழலும் பிளேடுகளின் காற்றில் அவர் சட்டை படபடத்தது. ஒரு கையால் பையை அழுத்திப் பிடித்திருந்தார்.