சக்கரத்துக்குள் ஒரு குட்டை

பேரிங்காம், பேரிங். கையில எடுத்துப் பாத்தா தெரியாதா, நாலு டயருக்குள்ளயும் தண்ணி நிக்குதுன்னு. சொன்னா அடுத்த கேள்வி, தண்ணி எப்படி உள்ள போச்சு. வாய மூடிக்கிட்டு சும்மா இரு.

இப்படித் தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு, அவள் மூன்று டம்ளர் தேநீரைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்தாள். நடுவில் இடமில்லை. ரிமோட்டில் ஓடும் நீல டிரக் அங்கே மல்லாந்து கிடந்தது. அதைச் சுற்றி மூன்று ஆண்கள்: கணவர், அவளுடைய தம்பி, எதிர்வீட்டுக்காரர். எதிர்வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டடத்தில் ஆராய்ச்சி என்று பெயர். குழாய் சொட்டினால்கூட ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார்.

நான்கு மணிக்கு மைதானத்தில் பந்தயம், கணவரின் டிரக்குக்கும் தம்பியின் டிரக்குக்கும். இப்போது மணி இரண்டே கால். காலையில் கூடத்தில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி வேகம் எடுத்தவுடன் குடித்தவன் மாதிரி தள்ளாடிக் குதித்து, சோபாவின் காலில் முட்டிக்கொண்டது. பேட்டரி வலுவில்லை என்றார் கணவர். நட்டு லூஸ் என்றான் தம்பி. ஆராய்ச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேரிங் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். இறுக்கினார்கள், எண்ணெய் விட்டார்கள், பேட்டரியை மாற்றினார்கள். வண்டி இன்னும் நன்றாகக் குதித்தது.

வியாழக்கிழமை அந்த வண்டி ஒரு குட்டையை நீந்திக் கடந்தது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

கணவருக்குப் பால் டிப்போவில் விடியற்காலை வேலை. வேலை நாட்களில் மதியம் மூன்றிலிருந்து நான்குவரை தூங்குவார். பக்கத்தில் தேரே ஓடினாலும் புரண்டு படுக்கமாட்டார். அவளுக்குச் சலவைக் கடையில் ஒரு மணிவரை வேலை. டிரக் ஃபிரிட்ஜின் மேல் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைத் துடைக்கும் உரிமை அவளுடையது. ஓட்டலாமா என்று அவள் கேட்டதில்லை. ஓட்டுகிறாயா என்று கேட்க அவருக்கும் தோன்றியதில்லை. ஏழு மாதங்களுக்கு முன் ஒரு நாள் துடைக்க எடுத்தவள், அப்படியே அதை ஒரு துணிப்பைக்குள் இறக்கி, பின்படி வழியாகக் கீழே போய்விட்டாள்.

கட்டடத்துக்குப் பின்னால் அடித்தளம் போடத் தோண்டிப் பாதியில் விட்ட பள்ளம் இருந்தது. அதில் மேடு, சரிவு, மழை பெய்தால் ஒரு குட்டை. அங்கே நிற்கும் ஒரு மணி நேரத்தில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கே வைத்தாய், எப்போது வருவாய், ஏன் ஆறிப்போச்சு என்ற எந்தக் கேள்வியும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி வராது. ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் இழுத்தால் ஒன்று பறக்கிறது. விட்டால் நிற்கிறது. சொன்ன உடனே கேட்கிற பொருள் தன் வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறாள். கடையின் இஸ்திரிப் பெட்டிகூட அதன் இஷ்டத்துக்குத்தான் சூடாகும்.

தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று டிரக் வந்த பெட்டியிலேயே எழுதியிருந்தது. அதை நம்பித்தான் குட்டையில் விட்டாள். பிறகு துடைத்து, வெயிலில் காட்டி, பழையபடி ஏற்றி வைத்தாள். ஆனால் சக்கரத்தின் உள்வட்டத்தில் டயர் மூச்சுவிடுவதற்காக இரண்டு சின்னத் துளைகள் இருந்ததையும், டயருக்குள் பஞ்சு வைத்திருந்ததையும் அவள் யோசிக்கவில்லை. இன்று காலை மேசையில் இறக்கி வைத்தபோது கை சொல்லிவிட்டது. மேலே உலர்ந்து உள்ளே ஊறிக் கிடக்கும் கம்பளிகளைப் பதினாறு வருடம் தூக்கிய கை அது.

தம்பி தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தன் தோள்பையைத் திறந்தான். தனக்குத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாம், ஒரு மாதம் இரண்டு மாதம் ஆகும் என்றான். இன்றைக்கு மாமா பந்தயத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, தோற்றதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஆறுதலும் சொன்னான். கணவர் அவனை முறைத்தார். முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்துப் பைக்குள் வைக்கவும் போனார்.

இரண்டு மாதம். அவள் பையின் வாயைக் கையால் மூடினாள்.

"டயருக்குள்ள தண்ணி இருக்குங்க."

மூன்று தலைகளும் திரும்பின. தான் தண்ணீர்ப் பக்கமே வண்டியை விட்டதில்லையே என்றார் கணவர். காற்றின் ஈரப்பதம் என்று ஆராய்ச்சி ஆரம்பித்தார். அவள் ஒரு டயரை இரண்டு விரலால் அழுத்தினாள். உள்வட்டத் துளையில் ஒரு குமிழி வந்து, உடைந்து, மேசை விரிப்பில் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. ஈரப்பதம் அத்தோடு வாயை மூடிக்கொண்டது.

அழுத்தியே எடுத்துவிடலாம் என்றான் தம்பி. ஆளுக்கொரு சக்கரமாகக் கழற்றிப் பிழிந்தார்கள். நாலைந்து சொட்டு வந்தது. விட்டவுடன் பஞ்சு மிச்சத்தைத் தானே வைத்துக்கொண்டது. பிழிந்தால் போதாது, சுற்ற வேண்டும், சுற்றும்போது தண்ணீர் வெளிப்பக்கம்தான் ஓடும், அங்கே அதற்கு வழி வேண்டும் என்றாள் அவள். கடையில் துணி உலர்த்தும் தொட்டி முழுக்க ஏன் ஓட்டையாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள் என்றும் கேட்டாள். கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி எடுத்து வந்தபோது கணவர் டயரை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"புது டயரும்மா. அதுல போய் ஓட்டை போடுவாங்களா?"

"மாமா, பிள்ளைக்குக் காது குத்துறாங்கன்னு நெனச்சுக்கங்க," என்றான் தம்பி. "மடியில வேணா வச்சுக்கங்க."

ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் பட்டையின் நடுவில், எதிரெதிரே இரண்டு துளைகள். ரப்பர் கருகும் வாசனையில் ஆராய்ச்சி தும்மினார். சக்கரங்களைத் திரும்ப மாட்டி எல்லோரும் குளியலறைக்குள் நெருக்கிக்கொண்டு போனார்கள். வண்டியை வேறு யார் கையிலும் கொடுக்க மனமில்லாமல் கணவர் தானே அதை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தார். அதனால் ரிமோட் அவள் கைக்கு வந்தது.

அவர் பாடம் எடுக்கத் தொடங்கினார். பயப்படாதே, கடிக்காது, துப்பாக்கி மாதிரி ஒரு விசை இருக்கும், அதை லேசாக...

முதலில் ரிமோட், பிறகு வண்டி. அந்த வரிசையில் இரண்டு பொத்தான்களையும் அவள் பார்க்காமலேயே போட்டுவிட்டாள். விரல் விசையைக் கொஞ்சம் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, சக்கரங்கள் சீறும்வரை ஏற்றியது. நான்கு டயர்களிலிருந்தும் குட்டை கிளம்பியது. சுவரில் ஒரு பழுப்புக் கோடு, கூரையில் இன்னொன்று. ஆராய்ச்சியின் கண்ணாடி மறைந்தது. கணவரின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு பட்டை விழுந்தது. அவள் சட்டென்று பின்னுக்கு ஓட்டி, நிறுத்தி, மறுபடி முன்னுக்கு ஏற்றினாள். மிச்சமும் வந்தது. சக்கரங்களின் தடதடப்பு போய், சீரான ரீங்காரம் மட்டும் கேட்டது.

விசையை விட்டு நிமிர்ந்தாள். எல்லோரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இத எத்தன நாளா ஓட்டற?" என்றான் தம்பி.

பொய் சொல்லலாம். நாக்கின் நுனியில் இரண்டு தயாராகவே இருந்தன. ஆனால் அவற்றில் எதுவும் அவள் விரலுக்குப் பொருந்தவில்லை.

"ஏழு மாசமா."

தம்பி சுவரில் சாய்ந்து சிரித்துக் குலுங்கினான். ஆராய்ச்சி கண்ணாடியைத் துடைத்தபடி, அப்படியானால் தண்ணீரின் பிறப்பிடம் தெரிந்துவிட்டது என்று அறிவித்தார். பந்தயத்துக்கு மாமாவுக்குப் பதிலாக அக்கா வந்தால் தான் இப்போதே தோல்வியை ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தம்பி ஆராய்ச்சியை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். விஷயம் அவர்களுக்கு முன்னால் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கணவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் வண்டியைத் துண்டில் பொதிந்தார், சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கோபம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ கணக்கு ஓடியது. அவளுக்கு அந்த முகம் பழக்கம். கட்டடத்தில் யாருக்குப் பதவி உயர்வு வந்தாலும், தான் அன்றே சொன்னதாக ஆரம்பிக்கும் முகம்.

"இங்க பாரும்மா," என்று குரலைத் தணித்துக்கொண்டார். "அங்க யாராவது கேட்டா, நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லிடு. தெனமும் நான்தான் ஓட்டச் சொன்னேன்னு."

அவ்வளவுதான் கேட்டார். கொடுத்தால் வீடு சமாதானமாகிவிடும். நாளைக்கே அவரும் கூட வருவார், பள்ளத்தின் ஓரத்தில் நின்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக் கொடுப்பார். அந்த ஒரு மணி நேரம் மொத்தமும் தொடக்கத்திலிருந்தே அவர் கொடுத்ததாக ஆகிவிடும்.

அவள் ரிமோட்டை அணைத்து, புடவைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்து, அவர் கையில் வைத்தாள்.

"இன்னொரு சட்டை எடுத்துத் தரேன், மாத்திக்கங்க," என்றாள். "நீங்க கேட்டத மட்டும் நான் சொல்ல மாட்டேங்க."