கரடி வரும் பத்தி

சனிக்கிழமை மாலையானால் போதகர் மறுநாள் பிரசங்கத்தை வாசித்துக் காட்டுவார். மனைவி அவருடைய வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டபடி கேட்பாள். முப்பது வருடப் பழக்கம். இஸ்திரிப்பெட்டி ஓடினால் எல்லாம் சரி. நின்றால் அலுப்புத் தட்டுகிறது என்று அர்த்தம். அந்தப் பத்தியை அவர் அடித்துவிடுவார். சபையில் கர்ஜிக்கும் மனிதர் வீட்டில் ஒரு இஸ்திரிப்பெட்டிக்கு அடங்கி நடப்பது வெளியே யாருக்கும் தெரியாது.

இந்த வாரம் நியாயத்தீர்ப்பு. தம்மை மறந்த ஜனத்தின்மேல் சிங்கமாய்ப் பாய்வேன், சிறுத்தையாய் வழியோரம் பதுங்குவேன் என்று தீர்க்கதரிசி வாயிலாகக் கடவுள் சொல்லும் இடம். போதகருக்கு மிருகங்கள் என்றால் ஒரே குஷி. சிங்கத்துக்குக் குரலை உயர்த்தினார், சிறுத்தைக்குத் தாழ்த்தினார். பெட்டி தன் பாட்டுக்கு ஓடியது. அடுத்து, குட்டிகளைப் பறிகொடுத்த கரடி. பெட்டி நின்றது.

"நீளமாப் போச்சோ?" என்றபடி பேனாவை எடுத்துக் கரடியின் மேல் கோடு போட்டார்.

"அதை ஏன் அடிக்கிறீங்க?"

"நீதானே நிறுத்துன?"

"அலுத்துப்போய் நிறுத்தலைங்க." அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் பசி. கரடிக்குப் பெத்த வயிறு எரியுது. கடவுளுக்கு வர்றது அந்தக் கோவமா?"

"ஆமா."

"அப்ப அது எனக்குத் தெரிஞ்ச கோவம்."

போதகருக்கு முகம் சுண்டிப்போனது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை இரண்டு வருடத்துக்கு முன் வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். நேற்று அவள் போன் செய்து, மூன்று மாதக் குழந்தையோடு ஞாயிறு ஆராதனைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். சபை என்ன நினைக்கும் என்றுதான் இரவெல்லாம் யோசித்தார். பக்கத்தில் படுத்திருந்தவள் என்ன நினைப்பாள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது.

"என்மேல அவ்வளவு கோவமா?"

"ரெண்டு வருஷமா இங்கேயேதானே இருக்கேன். ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல?"

அவர் பேனாவை மூடி வைத்தார். போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார். எடுத்ததும் முதலில் கேட்டது குழந்தையின் அழுகை.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

ஒரு மணி நேரம் தங்குதடையில்லாமல் பேசுகிற வாய்க்கு, "பிள்ளையோட வாம்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. மனைவி வந்து போனின் மறுபக்கம் காதை வைத்தாள். நரைத்த தலைகள் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்க, குழந்தை இன்னும் பலமாக அழுதது.